பனை நிழலில் ஓர் அறை

காங்கேசன்துறைக் கடற்கரையில் இலங்கை இராணுவம் ஒரு ஹோட்டல் நடத்துகிறது. பெயர் தல்செவன. சிங்களத்தில் பனை நிழல் என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு ஊரின் அருமை தெரிந்திருக்கிறது. 1990இல் காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து யுத்தத்தால் ஓடிய சனத்தில் பலர் நலன்புரி முகாம்களின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு தலைமுறைக் காலம் வெந்தார்கள். பனையும் நிழலும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பத்திரமாக இருந்தன. இப்போது காசு கட்டினால் அந்த நிழலில் ஓர் இரவு படுக்கலாம்.

திட்டாதீர்கள். இதற்குப் பெயர் அபிவிருத்தி.

அதே வலயத்துக்குள், பலாலிச் செம்மண்ணில் ஆமிக்காரர் மரக்கறி போட்டார்கள். காணி எங்களது, குத்தகை இல்லை. கிணறும் எங்களது. கொத்துகிறவருக்குக் கூலி அரச சம்பளம். அந்தக் கத்தரிக்காய் சந்தைக்கு வந்தால், மண்ணெண்ணெயைக் கடனுக்கு வாங்கி இரவல் காணிக்கு இறைத்தவன் அதோடு விலையில் மோத வேண்டும். தோற்றால் அவனுக்கு 'தொழில்முனைவோர் பயிற்சி' கொடுப்பார்கள்.

தெற்கும் தப்பவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையையே பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். கொழும்புக் குடிசைவாசிகள் பாதுகாப்பாகக் கிளப்பப்பட்டார்கள். கடற்படை திமிங்கிலம் காட்டியது. விமானப்படை டிக்கெட் விற்றது. மறுபடி வடக்கே, வன்னியில் முன்பள்ளி ரீச்சர்மாருக்குச் சம்பளம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்து வந்தது. அங்கே 'அ'னா எழுதுவதும் தேசப் பாதுகாப்பு. சண்டை முடிந்த படை வேறு என்னதான் செய்யும், பாவம்? வீட்டுக்குப் போகலாமே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. 2022 ஏப்ரலில் கடன் கட்ட வழியில்லை என்று நாடே கையை விரித்தது. அடுத்த வருடம்தான், 2 லட்சத்துக்கு மேற்பட்ட இராணுவத்தை 2030க்குள் 1 லட்சமாக்குவோம் என்றார்கள். பாணுக்கு வரிசையில் நின்றவனிடம் இவ்வளவு பொறுமை கேட்கலாமா?

பிடித்துவைத்த எங்கள் காணிகளைத் துண்டு துண்டாக விடுகிறார்கள், உண்மைதான். திருடுபோன சைக்கிளைத் திருப்பித் தர மேடை, மாலை, நன்றியுரை.

ஆனால் 2013இல் அதே வலயத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லையாம். சில மைல் தள்ளி முகாமில் இருந்த அந்தக் 'காணாமற்போன' உரிமையாளர்கள் 2,000 பேருக்கு மேல், காணி உறுதியோடு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

விடுமுறைக்குக் காங்கேசன்துறை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறைச் சாவியை வாங்கும்போது, சுற்றியுள்ள வளவுகள் யாருடையவை என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.