குற்றியல் நிமிடம்: கூடுவாஞ்சேரி உட்பகுதியை முன்வைத்து ஓர் அளவை ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர், இருபுறமும் நிற்கும் மனை விளம்பரப் பலகைகளைப் படிக்காமல் போக முடியாது. ‘ரயில் நிலையம் 5 நிமிடம்’, ‘கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 10 நிமிடம்’. கிலோமீட்டர் என்ற சொல் இப்பலகைகளில் அரிதாகிவிட்டது. தூரத்தை வேறொன்றால் அளப்பது நமக்குப் புதிதல்ல. ‘கூப்பிடு தூரம்’ என்று தொண்டையால் அளந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்றொரு நிபந்தனை அதற்கு இருந்தது. பலகை நிமிடத்துக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஆய்வாளர் ஒன்பது ஆண்டுகளாக அந்த நிமிடத்தின் மறுமுனையில், கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, கால் கிரவுண்டில் (600 சதுர அடி) குடியிருப்பவர். இதைக் களப்பணி என்று கொள்ளலாம். வீட்டுக்கடன் முடியும்வரை களத்தைவிட்டு அவர் வெளியேறப்போவதில்லை.

சூத்திரமும் உரையும்

பலகையில் குறுகிப் பாதையில் நீண்டு
கடிகா ரத்தில் காணா தாகும்
நிமிடம் என்ப நிலம்விற் போரே.

இது ஆய்வாளரே யாத்தது. ஏடுகளில் தேட வேண்டாம்.

இதன் பொருள்: தொல்காப்பியர் ஒலியை மாத்திரையால் அளந்தார். கண்ணிமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் அதற்கு அளவு. உகரம் தன் இயல்பில் நின்றால் 1 மாத்திரை, அது முற்றியலுகரம். சொல்லின் கடைசியில் வல்லின மெய்மேல் ஏறிக் குறுகினால் அரை, அது குற்றியலுகரம். செய்யுளில் ஓசை குறைகிற இடத்தை நிரப்ப நெடில் நீண்டொலித்தால் 3, அது அளபெடை.

நிமிடமும் அவ்வாறே மூவகைப்படும். பலகையில் இருப்பது குற்றியல் நிமிடம். கைக்கடிகாரத்தில் இருப்பது முற்றியல் நிமிடம். “இன்னும் ரெண்டு பேர் வந்தா கிளம்பிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போனபின் ஓடுவது அளபெடை நிமிடம். அரைக்கும் மூன்றுக்கும் விகிதம் 1:6. ஆகவே பலகையின் 5 நிமிடம் சாலையில் 30 ஆகவேண்டும். ஆய்வாளர் தம் வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை அளந்தது 31. எஞ்சிய ஒரு நிமிடம் வேகத்தடைகளைச் சேரும். இலக்கணிகள் அவற்றுக்கு விதி செய்யவில்லை.

குறுக்கத்தின் பிறப்பிடம்

பலகை எழுதியவர் பொய் சொன்னார் என்று சிலர் கருதுவர். அது ஆய்வாளர் துணிபன்று. குற்றியல் நிமிடம் பிறக்கும் இடமும் காலமும் கண்டறியப்பட்டுள்ளன: ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி, மனை பார்க்க அழைத்துப்போகும் இலவச ஏ.சி. கார். அந்நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் லாரியும் குறைவு, கல்லூரிப் பேருந்தும் இல்லை. கார் உள்ளே திரும்புகிறது. “பாத்தீங்களா சார், அஞ்சே நிமிஷம்.” உண்மையிலேயே அஞ்சுதான். இருபதடியில் சுவையான நீர், முப்பதடிச் சாலை, வங்கிக் கடன் வசதி எல்லாம் விளக்கப்படுகின்றன. பிரியாணிப் பொட்டலம் கையில் வருகிறது.

இங்கே நுண்மையாகக் கவனிக்கவேண்டியது ஒன்று. புறநகர்வாசியின் முதல் பயணமே காரில் நிகழ்கிறது, அதுவும் இலவசமாக. திரும்பக் கொண்டுவந்து விட்டபின் அந்தக் கார் ஒருபோதும் வருவதில்லை. மீதி வாழ்நாள் முழுவதும் அந்தக் காருக்கு ஈடாக ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதே புறநகர் வாழ்க்கை எனலாம்.

விலையும் விலக்கும்

நிலம் ஏன் இங்கே மலிவு? ஜெர்மானியப் பண்ணையார் ஃபான் தூனன் 1826இலேயே விடை சொல்லிவிட்டார்: சந்தையைவிட்டு விலக விலக, சுமைகூலி ஏறுவதால் நிலத்தின் வாடகை இறங்கும். 1964இல் வில்லியம் அலோன்சோ இக்கருத்தை நகரத்து மனைகளுக்கும் பொருத்தினார். இருவர் நூல்களையும் படிக்காமலே எங்கள் ஊர்த் தரகர்கள் இக்கோட்பாட்டில் தேர்ந்திருக்கிறார்கள். ‘விலக’ என்ற சொல்லை மட்டும் அவர்கள் வாயில் கேட்க முடியாது.

பழைய புறநகருக்கு இந்தச் சங்கடம் குறைவு. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற ஊர்கள் நிலையத்தை ஒட்டி, நடந்துபோகிற தூரத்தில் வளர்ந்தன. இன்று அந்தத் தடத்தில் செங்கல்பட்டு வரை 60 கி.மீ. மின்ரயில் போகிறது. ரயில் நேராகப் போயிற்று. மனைகள் பக்கவாட்டில் போயின. சிக்கல் அதுதான். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியும் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்தது. ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று ஏற்கெனவே நட்டிருந்த பலகைகள் பல, ஓர் அங்குலமும் நகராமல் சென்னைக்குள்ளேயே வந்துவிட்டன.

மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 1 மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிட விரும்புவர் என்பதை இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி 1994இல் ஒரு மாறிலிபோல எடுத்துரைத்தார். மேற்படி சூத்திரப்படி கணக்கிடுக: நிலையத்துக்குப் போக 30, திரும்ப 30. ஆக மார்ச்செட்டி அனுமதித்த இரண்டரை நாழிகையும் நடைமேடையைத் தொட்டு வருவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் எழும்பூர் வரை ரயிலில் தொங்குவது கணக்கில் வராத கைமாற்று. நிலத்தில் மிச்சம் பிடித்த தொகையை நாங்கள் நிமிடமாகக் கட்டிவருகிறோம். அதற்கு ரசீது கிடையாது.

கொத்தமல்லிச் சோதனை

ஒரு பகுதி வண்டியைச் சார்ந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்றை ஆய்வாளர் வகுத்துள்ளார். ரசம் கொதிக்கும்போது கொத்தமல்லி தீர்ந்துவிட்டது தெரியவருகிறது. அடுப்பை அணைக்காமல் வாங்கிவர முடிந்தால் அது ஊர். அடுப்பைச் சிம்மில் வைத்தால் போதுமென்றால் அது நகர். ஹெல்மெட்டைத் தேடவேண்டியிருந்தால் அது புறநகர்.

எங்கள் தெருவில் ஹெல்மெட். வண்டி என்பது எங்களுக்கு அளபெடையை முற்றியலாக்கும் கருவி. ஆளுக்கொன்று என்பது குறைந்தபட்சத் தேவை. அப்பாவுக்கு பைக், அம்மாவுக்கு ஸ்கூட்டி, தாத்தா விடாப்பிடியாக வைத்திருக்கும் டி.வி.எஸ். எக்ஸெல். அந்த எக்ஸெல் தண்ணீர்க் கேனும் சுமக்கும், கேஸ் சிலிண்டரும் சுமக்கும், பேத்தியையும் சுமக்கும். 600 சதுர அடியில் வண்டிகளுக்குப் போக மீந்த இடத்தில் நாங்கள் வசிக்கிறோம்.

பேருந்து இல்லையா என்பர். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. எங்கள் தெருவில் ஆடவருக்கும் கட்டணம் இல்லை, பேருந்தே இல்லை. கேட்டால், “எல்லாரும் வண்டி வெச்சிருக்கீங்க, பஸ் விட்டா யாரு ஏறுவா?” என்கிறார்கள். பஸ் வராததால்தானே வண்டி வாங்கினோம் என்றால், விதை முந்தியா மரம் முந்தியா என்ற இடத்துக்கு ஆய்வு வந்துவிடுகிறது.

இரண்டு சக்கரத்திலிருந்து நான்குக்கு ஏறுவது மழையால் நிகழ்வது. கார் என்னும் சொல்லுக்கு மேகம், மழைக்காலம் என்றெல்லாம் பொருள் உண்டு என்பதை இங்கே நினைவிற்கொள்க. இலக்கணம் ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்கிறது. ஆனால் எங்கள் தெரு முழங்காலளவுக்கு நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில், அது கூதிர். ஆகவே மாருதி முதலியவற்றைக் ‘கூதிர்’ என்று அழைப்பதே முறை. தவணைத் தேதியன்று அச்சொல்லின் குளிரும் பொருந்திவரும்.

தடையும் விடையும்

தடை: இத்தனை அறிந்தபின்னும் ஆய்வாளர் ஏன் அங்கே இருக்கிறார்?

விடை: நகருக்குள் வாடகைக்கு இருந்தபோது சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டவர் அவர். இங்கே கேட்காமல் அடிக்கலாம். முதல் ஆண்டில் தேவையில்லாமல் பதினேழு ஆணிகள் அடித்தார்.

இன்னொன்றும் உண்டு. அளபெடை எதற்காக வருகிறது? ஓசை குறைந்த இடத்தை நிரப்ப. எங்கள் தெருவிலும் குறைகள் உள்ளன: வராத பேருந்து, போடாத சாலை, திறக்காத மருந்துக்கடை. ஆள் வந்தால்தான் அவை வரும். பலகையை நம்பினால்தான் ஆள் வரும். அந்த 5 நிமிடம் அளவையைச் சேர்ந்ததன்று, எதிர்கால வினைமுற்று என்று ஆய்வாளர் கருதத் தலைப்பட்டிருக்கிறார்.

முடிவுரை

சென்ற ஞாயிறு காலை சித்தப்பா மகன் மனை பார்க்க வந்தான். ஆய்வாளரின் பக்கத்து மனை காலி. ஒன்பது ஆண்டுகளாகக் கருவேலம் வளர்கிறது. “ஸ்டேஷன் எவ்ளோ தூரம்ணே?” என்றான்.

ஆய்வாளர் கருவேலத்தைப் பார்த்தார். அங்கே ஒரு வீடும், கீழே ஒரு மளிகைக் கடையும், கடைவாசலில் பச்சைக் கட்டுகளும் தெரிந்தன.

“அஞ்சு நிமிஷம்தாண்டா.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். நல்லவேளையாக ஒன்றும் சொல்லவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, கொத்தமல்லிதான் இல்லையாம். தம்பி தானே எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான்.

“இருங்க அண்ணி, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.”