கருவாடும் ஏழு நாளும்

2022 மார்ச். மலேசியாவில் ஒரே நாளில் 33 ஆயிரம் பேருக்கு மேல் கோவிட் கண்டபோது, சுங்கை பஞ்சாங்கில் எங்கள் வீட்டையும் அது விட்டுவைக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நானும் மனைவியும் சேர்ந்து எடுத்த முதல் நீண்ட விடுப்பு: ஏழு நாள்.

மலாயில் ‘செஜாத்ரா’ என்றால் நலம், சுகம். மைசெஜாத்ரா என்ற கோவிட் செயலியோ எங்கள் நிலையைச் சிவப்பாக்கிவிட்டு, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று தினமும் விசாரித்தது. என் தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: “அண்ணே, போன வாரம் நம்ம வீட்டுக்கு வந்தப்பவே இருந்துச்சா?”

நாலாம் நாள் மனைவி கருவாட்டை அடுப்பில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள். வேலிக்கு அப்பால், முகக்கவரியோடு, பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் கத்தினார்: “ஹாங்குஸ்! ஹாங்குஸ்!” கருகுதாம். ஓடினோம். கருவாடு கரி, சமையல்கட்டு முழுக்கப் புகை.

“ஏங்க, உங்களுக்குமா வாடை தெரியல?”

தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சமையலில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. எட்டாம் நாள் காலையில் ரசத்தை நீட்டிக் கேட்டாள்: “இன்னும் ருசி தெரியலதானே?”

உப்பு தூக்கல். தலையை மட்டும் ஆட்டினேன்.