கோணேசர் கோயிலுக்கு வெளிநாட்டுப் பயணம்

திருகோணமலையில் பிறந்து, திருகோணமலைக் கச்சேரியில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தையும் திருகோணமலையிலேயே எடுக்கிற ஒருவன் கோணேசர் கோயிலைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? எங்கள் வீட்டுத் தீர்மானத்தின்படி முதலில் இந்திய விசா எடுக்க வேண்டும். பிறகு கட்டுநாயக்காவில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே உல்லாசக் கப்பலில் ஏறி, அம்பாந்தோட்டையைச் சுற்றிக்கொண்டு, திருகோணமலையில் வந்து இறங்கி, ‘கரைச் சுற்றுலா’ பஸ்ஸில் உட்கார வேண்டும். இதுதான் இராவணன் வெட்டு என்று வழிகாட்டி கையை நீட்டுவார். நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.

யோசனை ரொறன்ரோவில் இருக்கும் மகனுடையது. 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தில் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பிவைத்த கோர்டேலியா கப்பல், அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்துபோன பருவம் அது. சென்னையில் உள்ள சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், ரிக்கெற் காசு தன்னுடையது என்றான். “அப்பா, வாழ்நாள் முழுக்கக் கரையில நிண்டு கப்பலைப் பார்த்தே இருந்திட்டீங்கள். ஒருக்கா ஏறிப் பாருங்கோ. ஆனா இன்ஷூரன்ஸ் எடுக்காமக் காலை வைக்க வேண்டாம்.”

நான் கப்பல் ஏறாதவன் அல்ல. யுத்த காலத்தில் தரைப்பாதை மூடிக் கிடந்தபோது ‘லங்கா முதித’விலும் ‘சிற்றி ஒவ் ட்ரிங்கோ’விலும் யாழ்ப்பாணம் போய் வந்த தலைமுறை நாங்கள். அந்தக் கப்பல்களில் ஏறப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். காப்புறுதி உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்தான் பிரீமியம். அதற்கு வயதுக் கட்டுப்பாடும் இல்லை.

மகன் மாதிரிக்கென்று நாலைந்து பொலிசிகளை அனுப்பியிருந்தான். கச்சேரியில் சுற்றுநிருபம் தயாரித்த கை என்பதால் நிபந்தனை எழுதுகிறவனின் மனம் எனக்குத் தெரியும். தருவதை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவான். தராததைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வைப்பான். ஆகவே பின்னாலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வந்தது ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’. அவற்றுக்கு ஒரு சதமும் இல்லை. எனக்குப் பிறஷர், சீனி வருத்தம், நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். மனிசிக்குப் பிறஷர், கொலஸ்ரோல், இரண்டு முழங்கால். எங்கள் இருவர் உடம்பிலும் ஏற்கெனவே இல்லாதது எது என்று தேடிப் பார்த்தால் பிரசவம் ஒன்றுதான் மிச்சம். அடுத்த வரியில் அதையும் விலக்கியிருந்தார்கள்.

கனடாப் பொலிசிகள் கொஞ்சம் தாராளம். பழைய நோய் இருந்தாலும் அது பயணத்துக்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ ‘நிலையாக’ இருந்தால் போதும். நிலை என்றால் புதிய அறிகுறி கூடாது, புதிய மருந்து கூடாது, மருந்தின் அளவு மாறக் கூடாது. மனிசிக்கு அந்த மாதம்தான் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் பிறஷர் குளிசையைப் பாதியாக்கியிருந்தார். ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருந்தாள்.

“கூட்டினாத்தான் வருத்தம் கூடினது. குறைச்சாச் சுகம்தானே தம்பி?” என்று மகனிடம் ரெலிபோனில் கேட்டாள்.

“அம்மா, கூட்டினாலும் குறைச்சாலும் அவங்களுக்கு அது மாற்றம்தான்.”

அன்றிலிருந்து கப்பல் போய்த் திரும்பும்வரை கிளினிக் பக்கமே போகமாட்டேன் என்று பிடிவாதம். சுகமாகிவிடுவாளோ என்ற பயம்! 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல், இன்றைக்கு ஒரு குளிசை, அடுத்த மாதம் அதற்குப் பதிலாக வேறொன்று என்று வாங்கிக் குடித்த நாட்டில், 180 நாள் ஒரே மருந்தில் நின்றவரைக் கண்டால் காப்புறுதி என்ன, பரிசே கொடுக்கலாம்.

ஆனால் அந்தப் பொலிசி எங்களுக்கு ஆகாது. பெரும்பாலான பயணக் காப்புறுதிகளை நீங்கள் குடியிருக்கும் நாட்டில்தான் வாங்க முடியும். ஆகவே உள்ளூர் முகவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பிள்ளை. கம்பனியின் பெயர் வேண்டாம்.

“சேர், அந்த ஸ்டென்ட்ட எழுத வேண்டாம். பிரீமியம் கூடும்.”

“நெஞ்சைப் படம் எடுத்தாத் தெரியுமே தம்பி.”

“கிளெய்ம் பண்ணினாத்தானே சேர் படம் எடுப்பாங்கள்?”

“கிளெய்ம் பண்ணத்தானே நான் காசு கட்டுறன்?”

அவர் இதை யோசித்ததில்லை போலும். தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை.

பிறகு வயதுப் பட்டியலை விரித்தார். மனிசி 66, மலிவான கட்டத்தில் இருந்தாள். நான் 71. 70க்குக் கீழே 50,000 டொலர் வைத்தியச் செலவு தருகிற அதே பொலிசி, 70 தாண்டியவருக்கு அதில் ஒரு துண்டைத்தான் தரும். பிரீமியத்தை மட்டும் இரட்டிப்பாக்கும். கப்பலுக்கு என்ன வயது என்று நான் தேடிப் பார்த்தேன். பிரான்ஸின் சென்நசேர் கட்டுதளத்தில் 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிறந்தது. கப்பல் காப்புறுதியிலும் வயதைப் பார்த்தே பிரீமியம் போடுவார்கள். 33 வயதில் அதுவும் எங்களைப் போல் மூத்த பிரஜைதான்.

முன்பக்கத்துக்கு வந்தால் சலுகைகள் கொட்டிக் கிடந்தன. பெட்டி தொலைந்தால் இவ்வளவு, பெட்டி பிந்தினால் இவ்வளவு. எங்கள் பெட்டிக்குள் இருக்கப்போவது இரண்டு சாரமும் ஒரு சித்தாலேபப் போத்தலும். பிரித்தானியக் கப்பல் பொலிசிகளில் ‘அறை முடக்கம்’ என்று ஒன்று உண்டு. வயிற்றோட்டம் கண்டு, அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று கப்பல் டொக்டர் உத்தரவு போட்டால், முடங்கிக் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் காசு. மனிசிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “இஞ்சேருங்கோ, உங்கள ஒரு அறைக்குள்ள வைச்சிருக்க எனக்குக் காசும் தருவாங்களோ?” இன்னொன்று, கடல் கொந்தளித்துக் கப்பல் ஒரு துறையைத் தவறவிட்டால் அதற்கு நட்டஈடு. திருகோணமலையைப் பார்க்கக் கிடைக்காததற்கு எனக்கு நட்டஈடு!

பயணத் தாமதத்துக்கும் உண்டு: 12 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால். இதைப் படித்தபோது குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில் நடந்தது நினைவுக்கு வந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல், அதைத் திருத்துவதற்காக அடுத்த வருடம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்டன் ரொபர்ட் நொக்ஸும் அதே பெயருடைய மகனும் கரைக்கு வந்தார்கள். இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போனார்கள். தகப்பன் மறு வருடம் காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 19 வருடத் தாமதம்! மணிக்கணக்கில் பெருக்கினால் கம்பனியே கவிழ்ந்திருக்கும். ஆனால் பின்பக்கம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவருக்கு ஒரு சதமும் கிடைத்திராது. ‘அரச அதிகாரிகளால் தடுத்து வைக்கப்படுதல்’ விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

பயண ரத்துக்கு நல்ல சாட்சி எங்கள் பிரட்றிக் கோட்டைக்குள் தன் பெயரில் வீடு வைத்திருக்கும் வெலிங்டன். 1800 கடைசியில் படை திரட்ட இங்கே வந்தவர், 1801இல் செங்கடலுக்குப் புறப்பட இருந்த நேரம் பம்பாயில் காய்ச்சலும் சொறியும் பிடித்துப் படுத்துவிட்டார். (நோய் இங்கேதான் வந்தது என்பது ஊர்க்கதை, எங்கள் ஊர்ச் சொறியை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.) அவர் ஏற இருந்த ‘சுசானா’ கப்பல் மூழ்கிப்போனது.

பொலிசியின் கடைசிச் சலுகையை மனிசி படிக்க விடவில்லை. ‘பூதவுடலைத் தாயகம் அனுப்புதல்’. எஸ்பிளனேட் மயானத்தைக் கடந்து சந்தைக்குப் போகிற எனக்கு அது புதிதல்ல. அங்கே கிடப்பவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின், எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி. 73 வயதில், பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபடி வாந்திபேதியில் 1852 ஒக்ரோபர் 7இல் இறந்தார். உடலை இங்கிலாந்துக்கு அனுப்பவில்லை. வங்கக் கடலைத் தாண்டித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். 71 வயதுக்காரன் படிப்பதற்கு உகந்த கல்லறை அல்ல. ஆனால் எங்கள் விஷயம் முழுவதும் அந்த ஒரு கல்லறையில் இருக்கிறது. வயது போனவர், நடுவழியில் நோய், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை.

இளம் ஆட்கள் பெட்டிக்கும் தாமதத்துக்கும் காப்புறுதி எடுக்கட்டும். எங்கள் வயதில் பார்க்க வேண்டியது இரண்டு தொகைகள். ஒன்று, கப்பலுக்குள் பார்க்கும் வைத்தியத்தின் பில். கப்பல் டொக்டர் அரசாங்க டொக்டர் அல்ல. நாடி பிடித்தாலும் டொலரில் எழுதி அறைக் கணக்கில் ஏற்றுவார்கள். முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் கம்பனியிடம் கேட்க வேண்டும். மற்றது, கரைக்குக் கொண்டுபோகும் செலவு. கப்பலில் பெரிய சத்திரசிகிச்சை நடக்காது; ஆளை ஒருவாறு நிலைப்படுத்தி அடுத்த துறையில் இறக்குவார்கள், அவசரமென்றால் ஹெலிகொப்டர். சென்னைக்கும் எங்களுக்கும் இடையே நேர்கோட்டிலேயே 500 கிலோமீற்றர் கடல். முகவரின் மலிவான பொலிசியில் ‘கடலில் இருந்து மீட்டல்’ என்ற வரியே இல்லை. உல்லாசக் கப்பலுக்கென்று தனியே சேர்க்க வேண்டுமாம். சேர்த்தோம். ஸ்டென்ட்டையும் எழுதினோம். பிரீமியம் கூடியது.

கையெழுத்துப் போடுகிற நேரம்தான் பின்பக்கத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது: ‘காப்புறுதி பெறுபவர் வசிக்கும் நாட்டுக்குள் இக்காப்புறுதி செல்லாது’.

“தம்பி, கோணேசர் கோயில் படியில எனக்கு நெஞ்சு நொந்தா?”

“சேர், அப்ப நீங்க உங்கட நாட்டில நிக்கிறீங்க. கவர் இல்ல.”

“இறங்காமக் கப்பலிலயே இருந்தா?”

“கப்பல் துறைமுகத்துக்கு உள்ளயா, வெளியிலயா சேர்?”

12 கடல்மைல் எல்லையைத் தாண்டுகிற நேரத்தைப் பார்த்து வருத்தம் வர வேண்டும் என்றால் அது என் கையில் இல்லை. மனிசிதான் தீர்ப்புச் சொன்னாள். “இஞ்ச வருத்தம் வந்தாப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில போறது. அதுக்கு ஏன் பொலிசி? பாவம், சம்பந்தி வீட்டுக்குத்தான் திருகோணமலை வெளிநாடு.” அவள் சொன்னது சரி. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் காசு இல்லை. அந்தப் பழக்கத்தில், கட்டிலுக்கு விலை உண்டு என்பதே எங்களுக்குப் பொலிசி படித்தபோதுதான் உறைத்தது.

65 தாண்டி, பிள்ளைகளின் காசில் கப்பல் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொலிசியைப் பின்பக்கத்தில் இருந்து படியுங்கள். இருக்கிற வருத்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள்; பயணத்துக்காகக் கிளினிக் போவதை நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியின் பிரதியையும் கம்பனியின் 24 மணி நேர இலக்கத்தையும் கைப்பையில் வைத்திருங்கள். கப்பலில் பெட்டி பிந்தித்தான் அறைக்கு வரும். எது உள்நாடு, எது வெளிநாடு என்ற கேள்வி உங்களுக்கும் இருந்தால் முகவரிடம் வாயால் கேட்க வேண்டாம். கம்பனிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் திகதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.