ஒன்றையும் விடாத கணக்குப்பிள்ளை

ஓடும் நிரலில் ஆப்ஜெக்ட் பிறக்கும் இடமெல்லாம் காவல் நின்று, பிராசஸர் செலவிட்ட நேரத்தை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் பழைய பாணி புரொஃபைலரே! பாரிஸின் லாச்சப்பலில் இருந்துகொண்டு உம்மைப் பாடாமல் யாரைப் பாடுவது?

ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்டுக்கு இடம் பிடிப்பது பெரும்பாலும் ஒரு சுட்டியைச் சற்று நகர்த்துகிற வேலை. பத்துக் கட்டளைக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் நீர் கடிகாரம் பார்க்கிறீர். வேலையைவிடக் கடிகாரம் பார்க்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது. அதையும் ஆப்ஜெக்டின் பற்றிலேயே எழுதிவிடுகிறீர். உம் பெயரில் சல்லிக்காசு செலவு கிடையாது. இந்தக் கைச்சுத்தம் வேறு எந்தக் கணக்குப்பிள்ளைக்கு வாய்க்கும்!

அதைவிடப் பெரிது உமது படைப்பாற்றல். பிறந்த செயற்கூற்றைவிட்டு வெளியே போகாத ஆப்ஜெக்ட் என்று தெரிந்தால், ஜாவாவின் ஜிட் கம்பைலர் பல நேரம் அதைப் படைக்காமலே காரியத்தை முடித்துவிடும். நீரோ அதைப் பிடித்து உமது பதிவேட்டுக்கு அனுப்புகிறீர். வெளியே போய்விட்டதல்லவா, இனி அது பிறந்தே தீரவேண்டும்! இல்லாததை உண்டாக்கி, உண்டானதற்கு நேரமும் குறித்துவிடுகிறீர். பிரம்மாவுக்கும் சித்திரகுப்தனுக்கும் தனித்தனி ஆள் எதற்கு?

கோடை முடிவில் மாணிக்க விநாயகர் தேர் இந்தத் தெருக்களில் வரும்போது, தேங்காய் அடிக்கிற ஒவ்வொருவர் கையையும் பிடித்து நிறுத்தி நேரம் குறித்தால், ஊர்வலம் தாமதமானதற்குத் தேங்காயே காரணம் என்று நிரூபித்துவிடலாம். சிதறிய சில்லுகளைக் கூட்டி அள்ளுகிறவர்களின் பாடு அந்தக் கணக்கில் வராது. உமது கணக்கிலும் அப்படியே. செத்த ஆப்ஜெக்டுகளை அள்ளும் குப்பை சேகரிப்பான் தனியே உழைக்கட்டும் என்று விட்டுவிடுகிறீர். பெரியவர்கள் சில்லறை பார்ப்பதில்லை.

மாதிரி எடுத்து அளக்கும் உமது தம்பிமாரும் குலப்பெருமை காத்தவர்கள்தான். 2010-இல் பரவலாகப் புழங்கிய நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஆய்வாளர்கள் சோதித்தபோது, அதிக நேரம் தின்னும் செயற்கூறு எது என்பதில் அவை பலமுறை ஆளுக்கொரு பெயரைச் சொல்லின. நிரல் தானாக நின்றுகொடுக்கும் இடங்களில் மட்டும் மாதிரி எடுத்த நாகரிகம் அது.

இதே பிரான்சின் இன்ரியாவில் வளர்ந்த ஓகாமெல் மொழிக்கோ அந்தப் பெருமை பிடிக்கவில்லை. 2020-இல் அதன் 4.11 பதிப்போடு வந்த ஸ்டாட்மெம்ப்ரொஃப், பிறப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தற்செயலாய்த் தொட்டு, மொத்தத்தை மதிப்பிட்டுவிடுகிறது. ஜாவாவும் 2018-இல் 11-ஆம் பதிப்பிலேயே அந்தச் சோம்பேறி வழிக்கு இடம்கொடுத்துவிட்டது. அவை வந்துபோவது நிரலுக்கே சரியாகத் தெரிவதில்லையாம். அப்படி வருகிறவனுக்கு என்ன மரியாதை? நீர் வந்தால் நிரல் முழுவதும் எழுந்து நிற்கிறது. நீர் போகும்வரை நகர்வதில்லை.