தோற்கடித்தவர் போடும் மாலை

அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கேட்கக் கூடாது. பூமியைச் சுருட்டிக்கொண்டு போன இரண்யாட்சனை முடித்துவிட்டு அதை மீட்டுக்கொண்டு வந்த பூவராகர் குடியிருக்கும் ஊர் அது. அவர் மீட்டது முழுப் பூமியை. புளோரிடா நீங்கலாக என்று எந்தத் தலபுராணத்திலும் இல்லை. ஆகவே ட்ரம்ப் உத்தமரா, பைடன் உருப்படியாக எதாவது செய்தாரா, ஒபாமாவுக்கு வரலாறு எத்தனை மார்க் போடும் என்று கடைத்தெரு டீக்கடையில் பெஞ்சு அதிரப் பேசினால் அது ஊர்ப் பாத்தியதைக்கு உட்பட்ட விவகாரம்தான். எனக்குள்ள வருத்தம் வேறு. இந்த வாதத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஓட்டுக் கணக்கை நீட்டியே பேசுகிறார்கள். ‘இத்தனை கோடிப் பேர் குத்தியிருக்கான், சும்மாவா’ என்கிறார் ஒருவர். ‘எண்ணினதே கோளாறு’ என்கிறார் அடுத்தவர். இரண்டுமே வேண்டாத பேச்சு. ஒரு தலைவருக்குக் காலாகாலத்துக்கும் என்ன பேர் என்பதை அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் முடிவு செய்வதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பப் பாடுபட்டவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓட்டு வித்தியாசம் எதையும் அளக்காது என்பதற்குச் சாட்சி தேடி அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியதில்லை, காட்டுமன்னார்கோயில் வரை போனால் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் அங்கே 87 ஓட்டில் தோற்றார். ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசை அது. மூன்று வருடம் கழித்து, இதே வட்டாரம் அடங்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 3,219 ஓட்டில் ஜெயித்தார். 2024இல் வித்தியாசம் லட்சத்தைத் தாண்டியது. ஆள் ஒருவர்தான், பேச்சும் மீசையும் அதேதான். இந்த மூன்று எண்ணில் எதை வைத்து அவரை எடை போடுவது? பெரிய எண் வந்தால் பெரிய மனிதர் என்றால் ரிச்சர்ட் நிக்சனுக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும். 1972இல் ஐம்பது மாநிலங்களில் 49ஐ அள்ளிக்கொண்டு போனவர், இரண்டு வருடம் முடிவதற்குள் ராஜினாமா செய்துவிட்டு ஹெலிகாப்டர் ஏறினார். நமக்கு இது புதிதல்ல. 1991இல் அ.தி.மு.க. கூட்டணி 234இல் 225ஐ வாரிக்கொண்டது. 1996இல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஆபிரகாம் லிங்கனோ 1860இல் நூற்றுக்கு நாற்பது ஓட்டுகூட வாங்கவில்லை. நம் பள்ளிக்கூடக் கணக்கில் பாஸ், அவ்வளவுதான்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: ‘வித்தியாசத்தை விடுங்க சார், எண்ணிக்கையே தப்பு என்றால்?’ நியாயமான கேள்வி. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் சுமார் அறுபது லட்சம் ஓட்டில் 537 வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் ஜெயித்ததாக முடிந்தது. நாடு முழுக்க அல் கோருக்குத்தான் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு. ஆனால் அந்த ஊர்ச் சட்டப்படி அது சும்மா தகவல். துளை போடும் ஓட்டுச் சீட்டில் துளை முழுசாக விழுந்ததா, ஓரத்தில் தொங்குகிறதா என்று அதிகாரிகள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்து எண்ணுவதை நிறுத்தியது. எல்லாமாக 36 நாள். இது அநியாய அவசரம் என்று இன்றைக்கும் அங்கே குமுறுகிறார்கள். அவர்கள் ராதாபுரத்தைப் பார்த்ததில்லை. 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற தி.மு.க.வின் அப்பாவு வழக்குப் போட்டார். தள்ளுபடியான 203 தபால் ஓட்டுக்குச் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் கையெழுத்துச் செல்லுமா செல்லாதா என்பதே பிரதான விவாதம். பூதக்கண்ணாடியெல்லாம் நமக்கெதற்கு, ஒரு பச்சை மை போதும். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறுஎண்ணிக்கை நடந்தது. எண்ணி முடித்தார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. 2021இல் அப்பாவு அதே ராதாபுரத்தில் ஜெயித்து சபாநாயகரானார். பிற்பாடு இன்பதுரையும் மாநிலங்களவைக்குப் போய்விட்டார். இருவருக்கும் நாற்காலி கிடைத்தது. கிடைக்காதது அந்த எண்ணிக்கைதான். எண்ணுவதில் நேர்மை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது யார் உட்கார்வது என்பதைத் தீர்க்கிற சங்கதி. உட்கார்ந்தவருக்கு என்ன பேர் என்பது தனி வழக்கு.

அந்த வழக்கில் தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்க்க, ஜூலை 15 காலையில் எந்த ஊரிலாவது காமராசர் சிலைப் பக்கம் போய் நின்றால் போதும். ஏணி ஒன்றுதான் இருக்கும், கட்சிகள் வரிசையில் நிற்கும். ஒரு கட்சி ஏறி ஆளுயர மாலையைப் போட்டு, போட்டோவுக்குச் சிரித்து, இறங்கும். அந்த மாலை வாடுவதற்கு முன்பே அதை ஒதுக்கிவிட்டு அடுத்த கட்சி ஏறும். 1967இல் விருதுநகரில் அவரை மாணவர் தலைவர் சீனிவாசன் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். தோற்கடித்த தி.மு.க.தான் 2006இல் அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாள் ஆக்கியது. மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வந்தது எம்.ஜி.ஆர். ஆட்சியில். காங்கிரஸ்காரர்கள் அவரைப் புகழ்ந்ததால் அவர் காமராசர் ஆகவில்லை. மற்றவர்கள் புகழ்ந்தாக வேண்டியிருந்ததால் ஆனார். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1980இல் ஐம்பதில் 44 மாநிலத்தை இழந்து ஊர் திரும்பினார். நூறு வயது வாழ்ந்து 2024 டிசம்பரில் காலமானார். இறுதிச் சடங்கில் அவருக்காக எழுதப்பட்ட ஓர் இரங்கல் உரையை ஒருவர் வாசித்தார். எழுதியவர் ஜெரால்டு ஃபோர்டு, 1976இல் கார்ட்டரிடம் தோற்றுப் பதவியை இழந்தவர், 2006லேயே இறந்துபோனவர். மகன்தான் வாசித்தார். தோற்றவர் பதினெட்டு வருடம் முன்பே செத்தும், ஜெயித்தவருக்கு எழுதிவைத்த நல்ல வார்த்தை மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்குப் புறப்படும் பூவராகரை அங்கே இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வதை ஆண்டாண்டாகப் பார்த்த ஸ்ரீமுஷ்ணத்துக்கு, சொந்தக்காரன் செய்கிற மரியாதைக்கும் அடுத்தவன் செய்கிற மரியாதைக்கும் உள்ள எடை வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘எல்லாம் ஓட்டுக்காகப் போடுகிற மாலை’ என்பார்கள். சந்தேகமென்ன, ஓட்டுக்காகத்தான். அதனால்தான் அதை நம்பலாம் என்கிறேன். பாசத்தில் போட்ட மாலைக்குக் கணக்கு கிடையாது. கணக்குப் பார்த்துப் போட்டவன், இந்த ஆளைத் திட்டினால் நமக்கு நஷ்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். அதிலும் பூமாலையைவிட பட்ஜெட் மாலை உசத்தி. காமராசர் மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார், கருணாநிதி முட்டை வைத்தார், ஸ்டாலின் 2022இல் காலை உணவையும் சேர்த்தார். ஒருவரையொருவர் மேடையில் கிழித்தவர்கள் ஒரே தட்டில் மாறி மாறிப் பரிமாறியிருக்கிறார்கள். மாலைக்குப் பதில் கடப்பாரை எடுத்த கதைகளும் உண்டு. கருணாநிதி கட்டிய புதிய தலைமைச் செயலகத்தை ஜெயலலிதா மருத்துவமனை ஆக்கினார். 2021 மே மாதம் தி.மு.க. ஜெயித்த கையோடு முகப்பேரில் கட்சிக்காரர்கள் சிலர் அம்மா உணவகத்தின் பலகையைப் பிய்த்தார்கள். ஸ்டாலின் அவர்களைக் கட்சியை விட்டு நீக்கினார், பலகை திரும்ப மாட்டப்பட்டது. ஜெயலலிதாவின் பேருக்கு அன்றைக்கு விழுந்த மாலை அவர் கட்சி நடத்திய எந்த நினைவுநாளிலும் விழுந்ததில்லை.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு: செத்து, பல் பிடுங்கப்பட்ட பிறகு யார்தான் மாலை போடமாட்டார்கள்? அப்படியானால் எல்லாருக்கும் விழ வேண்டுமே. அமெரிக்க வரலாற்று அறிஞர்களைக் கூட்டி அதிபர்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். லிங்கனுக்கு முந்தியவரான ஜேம்ஸ் புக்கானன் 1868இல் செத்தவர், இன்றைக்கும் கடைசி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு அதிபரான கிராண்ட் செத்தது 1885இல். 2000இல் 33ஆம் இடத்தில் இருந்தவர் 2021இல் 20க்கு ஏறிவிட்டார். மறுமதிப்பீட்டுக்கு நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து அரியரை முடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்கூட அந்தப் பொறுமைக்கு ஆள் கிடைக்காது.

ட்ரம்ப், பைடன் விவகாரத்துக்கு வருவோம். 2025 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் அதிபர்கள் படத்தை வரிசையாக மாட்டினார்கள். பைடனுக்குரிய படச்சட்டத்துக்குள் பைடன் இல்லை, கையெழுத்துப் போடும் இயந்திரத்தின் படம் இருந்தது. முகப்பேர்ப் பலகைக்கு அவர்கள் ஊர்ப் பதிப்பு. பிய்த்தவரே முதலாளி என்பதால் திரும்ப மாட்டச் சொல்ல ஆளில்லை. ட்ரம்ப்புக்குப் பின் வருகிறவர்கள் எதைக் கழற்றுவார்கள், எதைத் தொடப் பயந்து அப்படியே வைத்திருப்பார்கள் என்பதும் இன்னும் நடக்காத காரியம். ஆகவே இருவர் மீதான வழக்கும் 2060க்கு ஒத்திவைக்கப்படுகிறது. ராதாபுரத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் நீண்ட வாய்தா இல்லை. டீக்காரர் கிளாஸை எடுத்துக்கொள்ளலாம்.