மதமிலி இயல்: எல்லைத் தமிழர்க்கான ஒரு வகைப்பாடு

நூற்பா: மதமிலி எனப்படுவார் நால்வகையர், கட்டம் விட்டார், கல்யாணத்தால் ஆனார், செத்தபின் ஆனார், கட்சியால் ஆனார் என.

உரை: பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கி மூணாறு வரை வழங்கும் வகைகளே ஈண்டுக் கொள்ளப்பட்டன. மூணாறில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஆளுக்கொரு குன்றில் நிற்கும். மதமிலிக்குக் குன்று ஒதுக்கப்படவில்லை.

1. கட்டம் விட்டார்: பள்ளிச் சேர்க்கையில் ஜாதி, மதம் எழுதாதவர். இவர் 1.24 லட்சம் பேர் என்று 2018இல் கேரளக் கல்வி அமைச்சர் சட்டசபையில் சொன்னார். முற்போக்காளர் கைதட்டி ஓயுமுன், மிகப் பலர் மதத்தை எழுதி ஜாதியை மட்டும் விட்டவர் எனத் தெரிந்தது. இவரைப் போலி என்க.

2. கல்யாணத்தால் ஆனார்: 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணப்பவர். சட்டம் மதத்தை விடச் சொல்லவில்லை. சொந்தக்காரர்தாம் விட்டதாகக் கொள்வர். 30 நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதற்குள் இருவீட்டு மாமன்மாரும் வந்துவிடுவர். பிள்ளைக்குப் பெயர் வைக்கையில் இவ்வகை திரியும்.

3. செத்தபின் ஆனார்: உடலை மெடிக்கல் காலேஜுக்கு எழுதி வைத்தவர். திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையில் வாழ்ந்து 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர் இதற்குத் தலையாய சான்று. எழுதாமல் போனவர்க்குப் பிள்ளைகள் பாடை கட்டி, தேவாரமோ ஜெபமோ சொல்லிவிடுவர். கெடுதல் என்பது இதுவே.

4. கட்சியால் ஆனார்: எஸ்டேட் லயங்களில் செங்கொடியோடு வளர்பவர். தேர்தலுக்கு இவர்க்கும் மதம் வேண்டும். தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற மார்க்சிஸ்ட் ஏ.ராஜா கிறிஸ்தவரா, பட்டியல் சாதி இந்துவா என்று வழக்கு வந்தது. சர்ச் குடும்பப் பதிவேடும் கல்யாணப் போட்டோவும் கோர்ட் ஏறின. உடுத்திய உடையும் சாட்சியாயிற்று. 2023இல் ஹைகோர்ட் வெற்றி செல்லாதென்றது. 2025இல் சுப்ரீம் கோர்ட் செல்லுமென்றது. அவர் தம்மை மதமிலி என்று வாதாடவில்லை என்பது நோக்கத்தக்கது.

புறனடை: 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதி ஆணை, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர்த்த வேறு மதத்தைக் கைக்கொண்டவரை விலக்கும். எதையும் கைக்கொள்ளாதவரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மதம் விட்ட மாணவர்க்குப் பொருளாதார நலிவு ஒதுக்கீடு கிடைக்கச் சான்றிதழ் தர வழிசெய்யுமாறு 2022இல் கேரள ஹைகோர்ட் உத்தரவிட்டது. கொழுந்து கிள்ளும் பட்டியல் சாதித் தாயின் மகள் அந்தச் சான்றிதழை வாங்கினால், கையிலிருக்கும் சாதிச் சான்றிதழ் நிற்குமா, போகுமா? மதத்தை விடுவது ஒருவர்க்குக் கொள்கை. இன்னொருவர்க்குக் காலேஜ் சீட்டு. இவ்விடத்துக்கு உரையாசிரியர் தாசில்தார். அவரும் மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகவே உரைப்பர்.