கழித்தல் கணக்கில் வால் ஸ்ட்ரீட்

ஒரு டெக்னாலஜி கம்பெனியின் பங்கு விலை நியாயமா, அநியாயமா என்று சொல்ல பி.இ. விகிதம், வருங்கால வருமானம் என்று பண்டிதர்கள் ஏகப்பட்ட அஸ்திரங்கள் வைத்திருக்கிறார்கள். 2000 மார்ச் 2 அன்று இதெல்லாம் தேவைப்படவில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல் தெரிந்தால் போதும். அமெரிக்கப் பங்குச்சந்தை அதில்தான் கோட்டை விட்டது.

கதாநாயகன், பாம். சட்டைப்பைக்குள் அடங்கும் கணினி செய்த கம்பெனி. ஆரம்பித்த ஜெஃப் ஹாக்கின்ஸ், சாதனம் தயாராகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தவர். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் மும்முரமாகத் தட்டுவார். (பின்னால் முதலீட்டாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அவர்கள் கட்டைக்குக் காசு கொடுத்தார்கள்.) 1996இல் நிஜச் சாதனம் வந்து சக்கைப்போடு போட்டது. கம்பெனி கைமாறிக் கைமாறி த்ரீகாமிடம் வந்து சேர்ந்தது. ஹாக்கின்ஸ் 1998இல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

த்ரீகாம், நெட்வொர்க் சாமான் விற்றுப் பிழைக்கும் சம்சாரி. 2000 மார்ச் 2 அன்று பாமில் சுமார் 5 சதவீதத்தைச் சந்தையில் விற்றது. மீதி 95ஐ அந்த வருஷத்துக்குள் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துத் தருவதாகச் சொன்னது. ஒரு த்ரீகாம் பங்குக்குச் சுமார் ஒன்றரை பாம் பங்கு.

பாம் வெளியீட்டு விலை 38 டாலர். வர்த்தகம் தொடங்கியதே 145இல். 165 வரை எகிறி, 95.06இல் முடிந்தது. அப்படியானால் ஒன்றரை பாம் பங்கைச் சுமக்கும் த்ரீகாம் 140ஐயாவது தாண்ட வேண்டாமா? முந்தின நாள் 104.13ஆக இருந்தது 81.81க்கு இறங்கியது! ஒன்றரைப் படி அரிசி 140 ரூபாய், அதே அரிசி பையோடு சேர்த்து 82 ரூபாய் என்றால் ஊரே பை வேண்டாம் என்று வரிசையில் நின்ற கதை. அந்தப் பைக்குள் பங்குக்குப் பத்து டாலருக்கு மேல் ரொக்கமும் முதலீடுமாக இருந்தது வேறு.

கழித்துப் பார்த்தால், பாம் போக மிச்சமிருந்த த்ரீகாமின் மதிப்பு மைனஸ் 2,200 கோடி டாலர். லாபமில்லாத கம்பெனியைப் பார்த்திருக்கிறோம். மதிப்பே பூஜ்யத்துக்குக் கீழே போன கம்பெனியைச் சந்தை அன்று பெற்றெடுத்தது.

ரகசியமும் இல்லை. மறுநாளே பத்திரிகைகள் கணக்குப் போட்டுக் காட்டின. சரி, த்ரீகாமை வாங்கி, பாமைக் கடன் வாங்கி விற்றுக் காசு பார்க்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சந்தைக்கு வந்ததே 5 சதவீதம். கடன் கொடுக்க ஆளில்லை, கிடைத்தாலும் வாடகை கொள்ளை. ஆக, தப்பு என்று தெரிந்த விலை வாரக்கணக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அடுத்த வருஷமே பாம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. 2010இல் கணினிக் கம்பெனி எச்.பி. இரண்டையும் வாங்கியது. மைனஸ் மதிப்பு த்ரீகாமுக்குச் சுமார் 270 கோடி டாலர். முதல் நாளே 5,300 கோடிக்குப் போன பாமுக்கு 120 கோடி. பாமின் மென்பொருளை வைத்து எச்.பி. போட்ட டச்பேட் டேப்லெட்டும் ஓடவில்லை. 2011 ஆகஸ்டில் 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். முதல் நாள் மாலை ஒரே ஒரு பாம் பங்குக்குக் கொடுத்த காசோடு நாலு டாலர் சேர்த்தால் முழு டேப்லெட், சார்ஜரோடு.